ஆறிய கை ஏன் வேலைக்குத் திரும்பவில்லை?

ஒரே முறிவு, இரண்டு முடிவுகள்

கிரிக்கெட் வீரர் ஒருவருக்குப் பந்து பட்டு விரல் எலும்பு முறிந்துவிட்டதென்று நாளிதழில் படிக்கிறோம். இரண்டு மாதம் செல்வதற்குள் அவரே மறுபடியும் மட்டையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் நிற்கும் படத்தையும் அதே நாளிதழில் பார்க்கிறோம். பள்ளிக்கரணையில் வேளச்சேரி–தாம்பரம் சாலையை ஒட்டி எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் கம்பி கட்டும் வேலை செய்பவருக்கும் அதே விரலில், அதே இடத்தில், அதே விதமான முறிவு ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறார்கள். எலும்பும் கிரமமாகக் கூடிவிடுகிறது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், எல்லாம் சரியாகிவிட்டதென்று சொல்லி அனுப்பியும் விடுகிறார். ஆனால் ஆறு மாதம் கழித்து விசாரித்தால், அவர் கம்பி வேலையை விட்டுவிட்டு ஏதோ ஒரு குடியிருப்பின் வாசலில் இரவுக் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார் என்றோ, ஊருக்கே போய்விட்டார் என்றோ மேஸ்திரி சொல்கிறார்.

எலும்பு இருவருக்கும் ஒன்றுதான். அது கூடுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. பின் ஏன் ஒருவர் திரும்பினார், மற்றவர் திரும்பவில்லை? விளையாட்டு வீரரிடம் பணம் இருக்கிறது என்று பலரும் உடனே விடை சொல்லிவிடுவார்கள். அந்த விடை பொய்யன்று. ஆனால் அது பாதியிலேயே நின்றுவிடுகிறது. மாவுக்கட்டும் கிருமிநாசினியும் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே தரத்தில் கிடைத்திருக்க, பணம் அதிகமாக வாங்கித் தந்தது எதை என்று கேட்க வேண்டும். புண் ஆறிய நாளுக்கும் வேலைக்குத் திரும்பும் நாளுக்கும் இடையே கிடக்கும் சில வாரங்களை, யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத அந்த வாரங்களைத்தான் அது வாங்கித் தந்தது. அந்த வாரங்களில் தேகத்துக்குள் என்ன நடக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

கண்ணாடி வெட்டிய விரல்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு அதையே பின்தொடர்வோம். புதுக் கட்டடங்களில் அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் பொருத்தும் தொழிலாளி ஒருவர்; வயது முப்பது; வலக்கைப் பழக்கம்; மாத வருமானம் 18,000 ரூபாய். இவர் நாம் கற்பித்துக்கொண்ட மனிதர்தான் என்றாலும், இவருக்கு நேர்வது எந்தக் கை அறுவைப் பிரிவிலும் அன்றாடம் காணக்கூடியது. மூன்றாம் மாடிக்குக் கண்ணாடி ஒன்றைத் தூக்கிச் செல்லும்போது அது நழுவுகிறது. நழுவுவதைப் பிடித்துவிட வேண்டுமென்ற இயல்பான வேகத்தில் அவருடைய விரல்கள் அதன் விளிம்பை இறுகப் பற்றுகின்றன. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும், அவை உள்ளங்கையோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே, குறுக்காக ஒரு வெட்டு. பார்வைக்குச் சிறிய காயம். ஆனால் மற்ற விரல்கள் மடங்குகையில் இந்த இரண்டு மட்டும் மடங்காமல் நீட்டியபடியே நிற்கின்றன.

விரலை மடக்கும் தசை விரலில் இல்லை. ஐயமுள்ளவர்கள், வலது முன்கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே இடக்கையால் பற்றிக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டிப் பார்க்கலாம்; உள்ளே தசை திரண்டு தளர்வது நன்றாகத் தெரியும். அந்தத் தசையின் இழுப்பை விரல் நுனி எலும்புவரை கொண்டுசெல்லும் வெண்ணிறமான, வழவழப்பான கயிற்றைத் தசைநாண் என்கிறோம். மணிக்கட்டையும் விரலையும் சேர்த்து முழுதாக மடக்கும்போது இந்த நாண் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் தூரம் முன்னும் பின்னும் ஓடுகிறது. விரலுக்குள் அது எலும்பை விட்டு விலகிவிடாதபடி ஓர் இறுக்கமான உறைக்குள் செல்கிறது. சைக்கிளின் பிரேக் ஒயர் அதன் குழாய்க்குள் ஓடுவதைப் போல. நம் தொழிலாளிக்கு வெட்டு விழுந்த இடத்திலோ, ஒரு நாணுக்கு இரண்டு நாண்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே உறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு செல்கின்றன. தேகத்திலேயே இவ்வளவு நெருக்கடியான இடங்கள் மிகச் சிலவே.

ஆறுவதே இடையூறாகும் விந்தை

அறுந்த நாணைத் தைத்துவிடலாம். வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970களில் வளர்த்தெடுத்த கை அறுவைப் பிரிவு, தொழிற்சாலைகளிலிருந்தும் பட்டறைகளிலிருந்தும் நசுங்கியும் அறுந்தும் வந்த எத்தனையோ கைகளை இவ்விதம் செப்பனிட்டுக் கொடுத்திருக்கிறது. மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த கொத்தனார் ஒருவருக்கு 2018 பிப்ரவரியில் வேறொருவருடைய கைகளைப் பொருத்தியதும் அங்கேதான். ஆகவே தைக்கும் கலையில் நம்மூருக்குக் குறைவில்லை. தைத்த பிறகு நடப்பதுதான் கேள்வி.

காயம் ஆறுவதென்பது மூன்று கட்டங்களாக நடக்கும் காரியம். முதல் சில நாட்களில் அந்த இடம் வீங்கிச் சிவந்து, இறந்த அணுக்களை உடல் துப்புரவு செய்கிறது. அதன்பின் சில வாரங்களுக்குப் புதிய நார்கள் நெருக்கமாக, திசையின்றி உற்பத்தியாகின்றன. மூன்றாவது கட்டத்தில், மாதக்கணக்காக, அந்த நார்கள் எந்தத் திசையில் இழுப்பு விழுகிறதோ அந்தத் திசையில் ஒழுங்குபட்டு வலுப்பெறுகின்றன. தோலுக்கும் நாணுக்கும் உறைக்கும் தனித்தனியாகத் தழும்பு உண்டாக்க வேண்டுமென்ற விவேகம் உடலுக்கு இல்லை. வெட்டுப்பட்ட இடம் முழுவதையும் ஒரே காயமாகக் கருதி, நாணையும் உறையையும் சேர்த்தே ஒட்டிவிடுகிறது. நகர வேண்டிய பொருளை நகராத பொருளோடு பிணைத்துவிடும் இந்தத் தழும்பை ஒட்டுத்தழும்பு என்று அழைப்போம். புண் ஆறிவிட்டது, தையலும் அறுபடவில்லை. ஆனால் விரல் மடங்குவதில்லை. அந்த விரல் மடங்காமல் போனதற்குக் காரணம் அது நன்றாக ஆறியதே.

இதனால்தான் அமெரிக்கக் கை அறுவை நிபுணர் ஸ்டெர்லிங் பன்னல், விரலின் இந்தப் பகுதியை எவருக்கும் உரிமையற்ற நிலம் என்று பெயரிட்டு, இங்கே அறுந்த நாணை உடனே தைக்க வேண்டாம் என்றே எச்சரித்தார். அவருடைய எச்சரிக்கை நெடுங்காலம் வேதவாக்காக இருந்தது. 1960களில்தான் ஐரோப்பாவில் வெர்டான், அமெரிக்காவில் கிளைனர்ட் ஆகியோர் இதை மறுத்துத் துணிந்து தைத்துக் காட்டினார்கள். கிளைனர்ட்டின் வெற்றிக்கு அவருடைய ஊசி மட்டும் காரணமன்று, விரல் நகத்தில் கட்டிய ஒரு ரப்பர் வளையமும் காரணம். கையின் புறத்தே ஒரு தாங்கியைக் கட்டி, நோயாளி விரலைத் தானே மெல்ல நீட்டும்படியும், அதை ரப்பர் வளையம் மடக்கிக் கொண்டுவரும்படியும் செய்தார். தைத்த நாண் இழுபடவில்லை, ஆனால் நகர்ந்தது. எவ்வளவு நகர்ந்தால் போதும் என்பதை 1970களில் டியூரான் என்பவர் அளந்து சொன்னார்: 3 முதல் 5 மில்லிமீட்டர். ஓர் அரிசியின் நீளம்கூட நிறையாத அந்த அசைவை ஒவ்வொரு நாளும் பலமுறை கொடுத்து வந்தால், தழும்பு நாணை உறையோடு பிடித்துக்கொள்ள வழியில்லாமல் போகிறது.

ஆகவே மறுவாழ்வு வைத்தியம், சிகிச்சை முடிந்த பிறகு வசதியுள்ளவர்கள் எடுத்துக்கொள்ளும் உபரி அன்று. அறுவை நடந்த முதல் வாரத்திலேயே, புண்ணின் மேல் கட்டு இருக்கும்போதே அது தொடங்கியாக வேண்டும். நான் இந்நூலில் சொல்லும் செய்திகளில் எதையேனும் ஒரு தொழிலாளியின் காதில் போட்டுவைக்க முடியுமென்றால், இதைத்தான் போடுவேன்.

பன்னிரண்டு வாரம்

நம் தொழிலாளிக்கு நல்ல அறுவை கிடைத்ததென்றே கொள்வோம். அவருக்கு முன்னே இருக்கும் கால அட்டவணை ஏறத்தாழ இப்படி: முதல் வாரத்துக்குள் அளந்த அசைவு தொடங்க வேண்டும். ஆனால் வீக்கத்தால் தையல் இடம் இளகி, இரண்டாம் வாரத்தை ஒட்டி நாண் மிகப் பலவீனமாக இருக்கும். அப்போது ஒரு செம்பு தண்ணீரைத் தூக்கினாலும் அறுந்துவிடலாம். ஆறாம் வாரத்தில் தாங்கி கழன்று, சோறு பிசையவும் சட்டைப் பொத்தான் போடவும் கை பழகும். எட்டாம் வாரத்துக்குப் பிறகு பிடியின் வலுவைக் கூட்டும் அப்பியாசங்கள். பாரம் தூக்கும் வேலைக்குப் பன்னிரண்டு வாரம் ஆகும்.

இந்தப் பன்னிரண்டு வாரத்தில் இரண்டு நேர்எதிரான பிழைகள் நேரக் காத்திருக்கின்றன. முதலாவது, அச்சத்தாலும் பாசத்தாலும் நேர்வது. "ஆட்டாதே, தையல் விட்டுடும்" என்று வீட்டார் ஒவ்வொருவரும் சொல்ல, கையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு அவர் ஒரு மாதம் உட்கார்ந்திருக்கிறார். ஒட்டுத்தழும்பு தன் வேலையை முடித்துவிடுகிறது. இரண்டாவது, வாடகையாலும் வட்டியாலும் நேர்வது. மூன்றாம் வாரத்தில் வலி அடங்கிவிட்டது, தையல் பிரித்தாயிற்று, வெளியே பார்த்தால் புண்ணே தெரியவில்லை, காண்ட்ராக்டர் இரண்டு முறை ஆள் விட்டாயிற்று, தாங்கியைக் கழற்றிவைத்துவிட்டு அவர் சட்டத்தைத் தூக்கப் போகிறார், நாண் அறுந்துவிடுகிறது. முதற்பிழை செய்தவரை அலட்சியக்காரர் என்றும், இரண்டாவது பிழை செய்தவரை அவசரக்காரர் என்றும் கேஸ் ஷீட்டில் எழுதிவைப்பது சுலபம். ஆனால் முதலாமவருக்கு எப்போது, எவ்வளவு அசைக்கலாம் என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லை. இரண்டாமவருக்குப் பன்னிரண்டு வாரத்துக்கு அரிசி வாங்க வழியில்லை. குற்றத்தை அவர்கள் தலையில் ஏற்றுவது நியாயமாகாது.

சொல்லிக்கொடுக்கும் இடம் எப்படியிருக்கும் என்று பார்ப்போம். இயன்முறை மருத்துவப் பிரிவில், மேஜையின் எதிரும் புதிருமாக இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். விரல் மடங்கும் பாகையைக் கோணமானி வைத்துக் கணுக்கணுவாக அளந்து எழுதுகிறார்கள். விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் பாக்கியிருக்கிறது என்பதை ஸ்கேல் வைத்துப் பார்க்கிறார்கள். சென்ற வாரம் நாலரை, இந்த வாரம் நாலு. அந்த அரை சென்டிமீட்டரைப் பார்த்து நோயாளியின் முகம் மலர்கிறது. பிசைவதற்கு மெதுமாவு, பிடித்து விடுவதற்குத் துணிக் கிளிப்பு, பொறுக்கி எடுக்கப் பயறு, திருகி மாட்டப் போல்ட்டும் நட்டும். பார்ப்பதற்குக் குழந்தை விளையாட்டுப் போலத் தோன்றும் இவை, எந்த வேலைக்கு அந்தக் கை திரும்ப வேண்டுமோ அந்த வேலையை நோக்கிப் படிப்படியாக அடுக்கப்பட்டவை. இதற்குத் தொழில்வழிச் சிகிச்சை என்று பெயர்.

இந்த மேஜை பள்ளிக்கரணையில் வேலை செய்யும் ஒரு தொழிலாளிக்கு எங்கே கிடைக்கும்? இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், அரசின் புனர்வாழ்வு மருத்துவ நிலையமும் கே.கே. நகரில் இருக்கின்றன. வாரம் மூன்று நாள், பேருந்து மாறி, ஒரு கையைக் கூட்டத்தில் இடிபடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்வர வேண்டும். துணைக்குப் போகிறவருக்கும் அன்றைய கூலி போயிற்று. இரண்டாம் வாரத்தோடு பலர் நின்றுவிடுவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மூளைக்குள் இருக்கும் கை

விரல் உபயோகமற்றுக் கிடக்கும்போது மூளையும் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு விரலுக்கும் மூளையின் புறணியில் தனித்தனியே ஓர் இடம் உண்டு. அமெரிக்க ஆராய்ச்சியாளர் மெர்செனிக்கும் அவருடைய குழுவினரும் 1980களில் குரங்குகளிடத்தே கண்டது என்னவென்றால், ஒரு விரல் போய்விட்டால் அதற்குரிய இடத்தைப் பக்கத்து விரல்கள் சில மாதங்களில் ஆக்கிரமித்துக்கொள்கின்றன. விரல் போக வேண்டும் என்பதுகூட இல்லை: 2012இல் சூரிச் நகர ஆராய்ச்சியாளர்கள், வலக்கையில் அடிபட்டுக் கட்டுப்போட்டிருந்த பத்துப் பேரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ இரண்டே வாரத்தில் அந்தக் கைக்குரிய பகுதி சற்று மெலிந்தும், பாரத்தைச் சுமந்த இடக்கைக்குரிய பகுதி தடித்தும் இருக்கக் கண்டார்கள்.

இந்த நெகிழ்ச்சியை நோயாளிக்கு அனுகூலமாகத் திருப்பியவர்களில் ஒருவர், அதே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். இழந்த கையில் வலிக்கிறது என்று துடிப்பவரின் முன்னே ஒரு கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்து, 1990களின் நடுவில் அவர் கண்ட முறை பின்னர் பக்கவாதத்துக்கும் வேறு சில கை வலிகளுக்கும் பயன்படலாயிற்று. அதற்கு வேண்டிய கருவி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி மட்டுமே.

படுக்கை என்னும் பழைய மருந்து

விரலுக்குச் சொன்னது முதுகுக்கும் பொருந்தும். மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டவருக்கு வாரக்கணக்கில் படுக்கை என்பது ஒரு காலத்தில் கேள்வியற்ற வைத்தியம். 1986இல் அமெரிக்காவில் டேயோ என்ற மருத்துவர், ஒரு சாராருக்கு இரண்டு நாளும் மற்றொரு சாராருக்கு ஏழு நாளும் ஓய்வு விதித்துப் பார்த்தார், இரண்டு நாள் ஓய்வு பெற்றவர்கள் வேலை இழந்த நாட்கள் 45 சதவீதம் குறைவு, குணத்தில் வித்தியாசமில்லை. 1995இல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடையே நடந்த சோதனையில், படுத்தவர்களையும் பிரத்தியேகப் பயிற்சி செய்தவர்களையும்விட, வலி இடம்கொடுத்த மட்டும் அன்றாடக் காரியங்களைச் செய்துவந்தவர்களே விரைவில் தேறினார்கள். காலில் உணர்ச்சிக் குறைவோ சிறுநீர்த் தடையோ இருந்தால் அது வேறு விஷயம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வேலூர் கற்ற பாடம்

அசைவும் அப்பியாசமும் கிடைத்துவிட்டால் போதுமா? போதாது என்பதை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி இந்தியா சுதந்திரம் பெற்ற காலத்திலேயே கண்டுகொண்டது. 1946இல் அங்கு வந்துசேர்ந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசையின் நாணை இடம்மாற்றித் தைத்து நிமிர்த்தும் அறுவையை உலகுக்குக் காட்டினார். ஆனால் நிமிர்ந்த கைகளோடு திரும்பிப் போனவர்களில் சிலர், முன்பு கோணல் கையைக் கண்டு பிச்சையாவது போட்டார்கள், இப்போது அதுவும் இல்லை, வேலையும் இல்லை என்று திரும்பி வந்து முறையிட்டார்கள். அறுவை வைத்தியருக்கு இதைவிடக் கடுமையான தீர்ப்பு இருக்க முடியாது. பிராண்ட் அதைக் கோபிக்காமல் ஏற்றுக்கொண்டார். 1951இல் நவஜீவ நிலையம் என்ற பெயரில் ஒரு சிறு குடியிருப்பும் தச்சுப்பட்டறையும் எழுந்தன. வலியுணர்வற்ற கை எந்தப் பிடியில் புண்படுகிறது, உளியின் பிடியை எப்படித் தடித்துச் செய்தால் புண்படாது என்பதெல்லாம் அங்கேதான் பரிசோதிக்கப்பட்டன. வைத்தியம் ஆஸ்பத்திரியை விட்டிறங்கிப் பட்டறைக்குள் நுழைந்தது அப்போதுதான்.

அதே மருத்துவமனையின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். நடக்க முடியாதவர் அறுவை மருத்துவராக இருக்க முடியாது என்று எவரேனும் முடிவுகட்டியிருந்தால் அக்கதை அத்துடன் முடிந்திருக்கும். தொழுநோயாளிகளின் கைகளுக்கு உட்கார்ந்தபடியே அறுவை செய்யலாமே என்று யோசித்தார்கள். சக்கர நாற்காலியிலிருந்து அவர் எத்தனையோ கைகளைத் திருத்தினார். பின்பு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966இல் வேலூரில் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். அவருக்குக் கால் திரும்பவில்லை, வேலை திரும்பியது. வேலையின் வடிவத்தை ஒரு விரற்கடை மாற்றிக்கொள்ள நிர்வாகம் இணங்கியதே அதற்குக் காரணம்.

சட்டத்தின் இரண்டு பெட்டிகள்

இனி நம் தொழிலாளியின் அரிசிக் கணக்குக்கு வருவோம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் அவயவங்களுக்கு ஓர் அட்டவணை வகுத்தது: கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரலுக்கு 12. போன விரலுக்கு இவ்வளவு திட்டமாக விலை எழுதிய அட்டவணை, இருக்கும் விரலை மறுபடி மடங்கச் செய்வதற்கு ஒரு வரியும் எழுதவில்லை.

இதைவிட உயர்ந்த யோசனையைப் பேராசிரியர் அதார்க்கர் 1944இல் தம் அறிக்கையில் முன்வைத்தார். அதிலிருந்து பிறந்த 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், நாம் இஎஸ்ஐ என்று வழங்குவது, 1952 பிப்ரவரி 24இல் கான்பூரிலும் டில்லியிலும் நடைமுறைக்கு வந்து, 1955இல் கோயம்புத்தூர் வழியாகத் தமிழகத்துக்குள் புகுந்தது. சந்தா தொழிலாளியிடம் முக்கால் சதவீதம், முதலாளியிடம் மூன்றேகால் சதவீதம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நேர்ந்தாலும் உரிமை உண்டு. இயலாமை நீடிக்கும் காலம் முழுவதும் கூலியில் 90 சதவீதம். நம் தொழிலாளிக்கு மாதம் 16,200 ரூபாய் வரும். பன்னிரண்டு வாரத்தை அவர் கௌரவமாகக் கடக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் பட்டறையிலோ, காப்பீட்டில் பதியாத காண்ட்ராக்டரிடமோ அவர் இருந்தால், பழைய நஷ்டஈட்டுச் சட்டப்படி அரைமாதத்துக்கொரு முறை மாதக்கூலியில் கால்பங்கு, அதாவது மாதத்துக்குப் பாதிக்கூலிக்கு மேல் இல்லை. வைத்தியச் செலவையும் முதலாளியே ஏற்க வேண்டுமென்று 2009இல் திருத்தம் வந்தது. ஆனால் இதைக் கேட்டு வாங்க வழக்கு வேண்டும்; வழக்குக்குக் காலம் வேண்டும்; தசைநாண் காத்திருக்காது. ஆகவே ஒரே வெட்டு, ஒரே தையல், ஒரே தெரு. எந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்து விரல் மடங்குவதும் மடங்காததும் அமைகிறது.

இஎஸ்ஐ சட்டத்திலும் ஒரு குறை இருக்கிறது. அதைச் சுட்டுவது அதன் பெருமையைக் குறைப்பதாகாது. கூலி வாங்கி வேலை செய்யும் எந்த நாளுக்கும் தற்காலிக இயலாமைப் பணம் கிடையாது என்றது அதன் 63ஆம் பிரிவு. ஏமாற்றுக்கு இடம்தரக் கூடாதென்ற எண்ணத்தில் எழுதப்பட்ட நியாயமான விதிதான். ஆனால் அதன் விளைவாகத் தேறிவரும் காலத்துக்குச் சட்டத்தில் இரண்டே பெட்டிகள் இருக்கின்றன: முழுதும் இயலாதவர், முழுதும் இயன்றவர். பிட்னஸ் சர்டிபிகேட் கையெழுத்தாகும் காலையில் மனிதர் ஒரு பெட்டியிலிருந்து மறுபெட்டிக்குத் தாவ வேண்டும். உடலோ எட்டாம் வாரத்தில் பாதியும் பத்தாம் வாரத்தில் முக்காலுமாகச் சாய்வில் ஏறி வருகிறது. அந்தப் பாதிக்கும் முக்காலுக்கும் சட்டத்தில் இருப்பிடம் இல்லை. பதவிநீக்கத்திலிருந்து காக்கும் விதியின் நிழலும் உதவிப்பணம் நிற்கும் நாளோடு விலகிவிடுகிறது.

ஜெர்மனி 1884இல் விபத்துக் காப்பீட்டைச் சட்டமாக்கி, 1890இல் போஹும் என்ற நகரத்தில் சுரங்கத் தொழிலாளருக்கென்றே ஒரு மருத்துவமனையைத் திறந்த நாடு. அங்கே தேறிவரும் தொழிலாளி, உதவித்தொகையை இழக்காமலே முதலில் நாளுக்குச் சில மணி நேரம் வேலைக்குச் சென்று, வாரந்தோறும் நேரத்தைக் கூட்டிக்கொண்டு முழுவேலையை அடையும் ஏற்பாடு நெடுநாளாக இருந்துவருகிறது. கனடாவில் கியூபெக் மாகாணத்தின் ஷெர்ப்ரூக் நகரத்தில் லுவாசெல் என்ற மருத்துவரும் குழுவினரும் முதுகுவலித் தொழிலாளரிடையே நடத்தி 1997இல் வெளியிட்ட சோதனை இன்னும் தெளிவானது. மருத்துவச் சிகிச்சையோடு, நிபுணர் ஒருவர் வேலையிடத்துக்கே சென்று முதலாளியையும் தொழிலாளியையும் உட்காரவைத்துப் பேசி வேலையைச் சற்று மாற்றியமைத்தபோது, வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிட அவர்கள் 2.4 மடங்கு விரைவாகப் பழைய வேலைக்குத் திரும்பினார்கள். பலனின் பெரும்பகுதி மருந்தறையிலிருந்து வரவில்லை. வேலையிடத்துப் பேச்சிலிருந்து வந்தது.

பட்டறை வாசலில்

நம்மிடம் இல்லாதவற்றை எண்ணுவதைவிட, இருப்பவற்றைச் சேர்க்க முடியுமா என்று பார்ப்பது பிரயோஜனமானது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். படுக்கையில் கிடக்கும் முதியவருக்காக வருகிறவர், அதே தெருவில் கையைத் தூக்கிப் பிடித்து உட்கார்ந்திருக்கும் தொழிலாளியின் விரலையும் ஒரு கால்மணி நேரம் பார்த்துச் செல்லும்படி செய்ய முடியும். கே.கே. நகர் வரை வாரம் மூன்று முறை போக வேண்டிய அவசியம் அதனால் ஒருமுறையாகக் குறையும். ஆஸ்பத்திரியில் தரும் டிஸ்சார்ஜ் சீட்டில் நோயின் பெயருக்குப் பக்கத்தில் நோயாளியின் தொழிலையும், எத்தனையாவது வாரத்தில் எந்த வேலை செய்யலாம் என்பதையும் இரண்டு வரி எழுதலாம்; இதற்குச் செலவு மை மட்டும்தான். கூலி வாங்கும் நாளுக்கு இயலாமைப் பணம் இல்லை என்ற விதிக்குப் படிப்படியான வேலைக்கென ஒரு விலக்கு வகுப்பது, இந்தச் சட்டங்களையெல்லாம் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அடக்கிய அரசாங்கத்துக்கு அரிய காரியமன்று.

2014 ஜூன் 28இல் மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டபோது, இறந்தவர்களின் எண்ணிக்கை எல்லோருக்கும் மனப்பாடமாயிற்று. உயிரோடு மீட்கப்பட்டவர்களில் எத்தனை பேர் மறுபடி கரணையைப் பிடித்தார்கள் என்ற கணக்கு மக்கள் மனத்தில் இல்லை. வேலைக்குத் திரும்பாமல் போவது விபத்தைப் போல ஒரே நாளில் நடப்பதன்று. கண்ணுக்குத் தெரியாமல் பன்னிரண்டு வாரத்தில் நடந்து முடிவது.

இதைப் படிப்பவர்களில் பலர் பள்ளிக்கரணையிலோ மேடவாக்கத்திலோ வீடு கட்டிக்கொண்டிருப்பீர்கள். சிலர் ஐந்தாறு பேரை வைத்துப் பட்டறை நடத்துவீர்கள். வேலை தொடங்குமுன் காண்ட்ராக்டரிடம் ஆட்களின் இஎஸ்ஐ பதிவைக் கேளுங்கள். இல்லையென்றால் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்திலாவது பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கை வெட்டுப்பட்டால் மஞ்சள்தூளும் காப்பித்தூளும் அப்பாமல், சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தியபடி, கை அறுவை செய்யக்கூடிய மருத்துவமனைக்கே நேராகக் கொண்டுபோங்கள். விபத்து அறிக்கையை அன்றே பதியச் சொல்லுங்கள். தையல் போட்ட மருத்துவரிடம், விரலை எப்போது அசைக்கத் தொடங்க வேண்டும், யாரிடம் காட்ட வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எட்டாம் வாரத்தில் அவர் வந்து நிற்கும்போது, கண்ணாடி தூக்கும் வேலையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, அளவெடுக்கும் வேலையையும் குறித்து வைக்கும் வேலையையும் அவருக்காக ஒதுக்கிவையுங்கள்.